மாடு ஏன் எலும்பைக் கடிக்கிறது?

மாட்டின் மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. நாக்கால் புல்லைச் சுற்றி வளைத்து, கீழ்ப்பற்களுக்கும் மேலே உள்ள கெட்டியான ஈறுக்கும் இடையில் பிடித்து, தலையை ஓர் இழுப்பு இழுத்து அறுத்துத் தின்னும்படி அமைந்த வாய் அது. அந்த வாயை வைத்துக்கொண்டு ஒரு பசு, மேய்ச்சல் நிலத்தில் வெளுத்துக் கிடக்கும் எலும்புத் துண்டைக் கடைவாயில் ஒதுக்கி, எச்சில் நூலாக வடிய, காலடியில் புல் இருந்தும் அதைத் தொடாமல் மென்றுகொண்டிருக்கும். வேறொரு மாடு கரையான் புற்றை இடித்து மண்ணைத் தின்னும். இன்னொன்று கொட்டகைச் சுவரை நக்கிப் பள்ளமாக்கும். கயிறு, பழந்துணி, செருப்பு, மரப்பட்டை, பிளாஸ்டிக் பை, பக்கத்து மாட்டின் சிறுநீர் என்று இந்தப் பட்டியல் நீளும்.

உணவல்லாத பொருள்களைத் தேடிப்போய்த் தின்னும் இந்த மாறுபட்ட பசியைக் கால்நடை மருத்துவர்கள் 'பைக்கா' என்கிறார்கள். காரணம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒரே வரிதான்: "தாதுச்சத்துக் குறைவு." அது தவறில்லை, ஆனால் அந்தப் பதிலோடு நின்றுவிட்டால் ஒன்றும் விளங்காது. எந்தத் தாது? புல் நிறைய இருக்கும்போதும் ஏன் குறைகிறது? மாட்டுக்கு அது எப்படித் தெரிகிறது? ஒரே மந்தையில் ஒரு மாடு எலும்பைக் கடிக்க, இன்னொன்று ஏன் சும்மா நிற்கிறது? கடைசிக் கேள்விதான் உண்மையில் முக்கியமானது. மாடு எதைத் தின்கிறது என்பதைவிட, எந்த மாடு தின்கிறது, எத்தனை மாடுகள் தின்கின்றன, எப்போது தொடங்கின என்பவற்றிலேயே விடைக்கான தடயம் அதிகம்.

தாதுக்கள் இரண்டு வகை. கால்சியம், பாஸ்பரஸ், சோடியம், குளோரின், பொட்டாசியம், மக்னீசியம், கந்தகம் ஆகியவை நாள்தோறும் கிராம் கணக்கில் தேவைப்படுபவை. தாமிரம், கோபால்ட், துத்தநாகம், அயோடின், செலினியம், மாங்கனீசு, இரும்பு ஆகியவை மில்லிகிராம் கணக்கில் போதும். அதற்கும் குறைவாகப் போதுபவையும் உண்டு. உடல் இவற்றில் எதையும் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. மண்ணில் இருப்பது புல்லுக்கு வர வேண்டும், புல்லில் இருப்பது மாட்டுக்கு வர வேண்டும். ஒரு சிறிய ஆனால் மறக்கக் கூடாத செய்தி: புல்லின் தேவையும் மாட்டின் தேவையும் ஒன்றல்ல. பெரும்பாலான பயிர்கள் சோடியம் இல்லாமலேயே செழித்து வளரும், மாடு வளராது. பச்சைப்பசேல் என்று இருக்கும் நிலம் மாட்டுக்கு எல்லாவற்றையும் தருகிறது என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் முதல் தவறு.

பாஸ்பரஸ்

மேய்ச்சல் மாடுகளில் எலும்பு கடிக்கும் பழக்கத்துக்கு முதன்மையான காரணம் பாஸ்பரஸ் குறைவு. உடலில் உள்ள பாஸ்பரஸில் ஏறத்தாழ 80 முதல் 85 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. எஞ்சியது உயிரணுச் சவ்வுகளிலும், ஆற்றலைக் கைமாற்றும் மூலக்கூறுகளிலும், இரத்தத்திலும், எச்சிலிலும் இருக்கிறது. அசைபோடும் விலங்குகளுக்கு இதில் கூடுதலாக ஒரு சங்கதி உண்டு. முதல் இரைப்பையில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களுக்கும் பாஸ்பரஸ் வேண்டும். அவை இல்லாவிட்டால் நார் செரிக்காது. அதனால் மாடு எச்சில் வழியாகப் பாஸ்பேட்டை இரைப்பைக்குள் அனுப்பி, பிறகு குடலில் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாலில் லிட்டருக்கு ஏறத்தாழ 0.9 முதல் 1 கிராம் பாஸ்பரஸ் இருக்கிறது. நாளுக்கு 10 லிட்டர் கறக்கும் பசு பாலில் மட்டும் 9 அல்லது 10 கிராமை வெளியேற்றுகிறது. முற்றிக் காய்ந்த புல்லில் பாஸ்பரஸ் 0.1 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுவது உண்டு. அப்படிப்பட்ட புல்லை ஈரம் நீக்கிய எடையில் 10 கிலோ தின்றாலும் உள்ளே வருவது 10 கிராம்தான். அதிலும் முழுவதும் உறிஞ்சப்படுவதில்லை. சாணத்தோடு போவது வேறு. பாலுக்கே போதாதபோது உடம்புக்கு எங்கிருந்து வரும்? குதிரில் இருக்கும் நெல்லை எடுத்துச் சாப்பிட்டுப் பஞ்ச காலத்தைக் கடத்துவதுபோல, மாடு தன் எலும்பைக் கரைத்துக் காலத்தை ஓட்டுகிறது. ஆகவே முதல் சில வாரங்களுக்கு வெளியே எதுவும் தெரியாது.

பிறகு தெரிய வருபவை மெல்லத்தான் வருகின்றன. தீவனம் எடுப்பது குறையும். இங்கே ஒரு முரண் இருக்கிறது: எலும்பின்மேல் ஆசை கூடும் அதே மாட்டுக்குப் புல்லின்மேல் ஆசை குறைந்துபோகும். எடை ஏறாது, பால் இறங்கும், உரோமம் சொரசொரப்பாகும். சினைப்பருவத்துக்கு வருவது தள்ளிப்போகும். பல பண்ணைகளில் உரிமையாளரின் கண்ணில் முதலில் படுவது இதுதான். நடை விறைத்து, ஏற்கெனவே வலி இருப்பதுபோல் அடியெடுத்து வைக்கும். வளரும் கன்றுகளில் எலும்பு வளையும். வளர்ந்த மாடுகளில் எலும்பு மென்மையாகிச் சிறு அதிர்ச்சியிலேயே முறியும். அதிகம் கறக்கும் பசுக்களிலும் எருமைகளிலும் கன்று ஈன்ற சில வாரங்களுக்குள் சிறுநீர் காப்பி நிறத்தில் போகும் நோய் ஒன்று வரக்கூடும். இரத்தத்தில் பாஸ்பரஸ் மிகவும் குறைந்ததால் சிவப்பணுக்கள் உடைவதுதான் அதற்குக் காரணம். அதற்கு அன்றைக்கே மருத்துவர் வேண்டும். ஆனால் சிறுநீர் சிவப்பதற்கு உண்ணிக் காய்ச்சல் போன்ற வேறு காரணங்களும் உண்டு என்பதால் நாமே முடிவு கட்டிவிடக் கூடாது.

எந்தப் பருவத்தில் இது அதிகம் தாக்கும் என்று கேட்டால், கோடையில்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். காய்ந்த புல்லில் பாஸ்பரஸ் குறைவு என்பது உண்மையே. ஆனால் அந்தக் காலத்தில் புல்லில் புரதமும் ஆற்றலும் அதைவிட மோசமாகக் குறைந்திருக்கும். மாடு வளர்வதில்லை, பாலும் சொற்பம். ஆகவே பாஸ்பரஸுக்கான தேவையும் சுருங்கிவிடுகிறது. மழை பெய்து புல் துளிர்த்ததும் நிலைமை தலைகீழாகிறது. புரதம் கிடைக்கிறது, உடம்பு வளரத் துடிக்கிறது, பால் பெருகுகிறது, தேவை ஒரேயடியாக ஏறுகிறது. மண்ணில் பாஸ்பரஸ் இல்லையென்றால் பச்சைப் புல்லாலும் அந்தத் தேவையை எட்டிப்பிடிக்க முடியாது. வட ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் மேய்ச்சல் மாடுகளுக்குப் பாஸ்பரஸ் கொடுத்துப் பார்த்த அனுபவம் இதையே காட்டியது: வறண்ட காலத்தில் கொடுத்ததைவிட, புல் பச்சையாக இருக்கும் காலத்தில் கொடுத்தபோதுதான் எடையும் கருத்தரிப்பும் நன்றாக ஏறின. கண்ணுக்கு எதிரே இவ்வளவு பச்சை இருக்கும்போது தாது உப்பு எதற்கு என்று நிறுத்திவிடுபவர்கள், மாட்டுக்கு மிகவும் தேவையான மாதங்களில்தான் நிறுத்துகிறார்கள்.

மண்ணும் முக்கியம். நெடுங்காலம் மழையில் கரைந்து சத்து இழந்த பழைய மண் பரவிய வெப்பமண்டலப் புல்வெளிகள் பலவற்றில் பாஸ்பரஸ் பற்றாக்குறை இயற்கையாகவே உண்டு. ஆஸ்திரேலியாவின் வடபகுதி, ஆப்பிரிக்காவின் தென்பகுதி, தென்னமெரிக்காவின் சவன்னா வெளிகள் ஆகியவை இதற்குப் பெயர்போனவை. இதற்கு மாறாக, தவிடும் பிண்ணாக்கும் தாராளமாகத் தின்னும் கொட்டகை மாட்டுக்குப் பாஸ்பரஸ் குறைவது அரிது, ஏனெனில் அந்த இரண்டிலும் அது நிறைய இருக்கிறது. தவிடு தின்னும் மாடு எலும்பைக் கடித்தால் வேறு காரணத்தைத் தேடுவதே நல்லது.

எலும்புக்குள் இருந்த நஞ்சு

எலும்பு கடிப்பதை வெறும் விநோதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதைத் தென்னாப்பிரிக்கா பெருவிலை கொடுத்துக் கற்றது. அங்கே 'லாம்சீக்தே' என்று அழைக்கப்பட்ட ஒரு நோய் மந்தை மந்தையாக மாடுகளைக் கொன்றது. பின்னங்கால் தள்ளாடும், மாடு படுத்துவிடும், நாக்கு தொங்கும், விழுங்க முடியாது, கண்ணில் மட்டும் உணர்வு இருக்கும். சில நாட்களில் மூச்சு நின்றுபோகும். நச்சுச்செடி என்றார்கள், கிருமி என்றார்கள். சுவிட்சர்லாந்தில் பிறந்து தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் ஆர்னால்ட் தைலர், 1908-இல் நிறுவப்பட்ட ஆண்டர்ஸ்டெபூர்ட் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர். அவர் ஃப்ரைபர்க் நகருக்கு அருகில் உள்ள ஆர்மூட்ஸ்ஃப்ளாக்டே என்ற பண்ணையில் இதை ஆராய்ந்து, 1920-ஆம் ஆண்டை ஒட்டி முடிச்சை அவிழ்த்தார்.

நோய் ஒரு சங்கிலியாக இருந்தது. மண்ணில் பாஸ்பரஸ் இல்லை, புல்லிலும் இல்லை, ஆகவே மாடு எலும்பைத் தேடியது. அந்த எலும்புகள் இறந்த விலங்குகளுடையவை. அவற்றில் ஒட்டியிருந்த அழுகிய தசையில், காற்றில்லாத இடத்தில் வளரும் க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா கொடிய நஞ்சைச் சுரந்து வைத்திருந்தது. நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையை அந்த நஞ்சு துண்டித்துவிடுகிறது. இறந்த மாட்டின் சடலமே அடுத்த மாட்டுக்கு நஞ்சாகும். இப்படித் தொடர்ந்துகொண்டே இருக்கும். சங்கிலியின் முதல் கண்ணியைத் தைலர் உடைத்தார். கிருமி நீக்கிய எலும்புத்தூளை நாள்தோறும் கொடுத்தபோது மாடுகள் எலும்பு தேடுவதை விட்டன. சாவு நின்றது. அத்தோடு, யாரும் எதிர்பாராத வகையில், அந்த மாடுகள் மற்றவற்றைவிட நன்றாக வளர்ந்தன, நன்றாகக் கறந்தன. நோயைத் தடுக்கப் போய், அந்த நிலப்பரப்பின் மாடுகள் அனைத்துமே காலங்காலமாக அரைப்பட்டினியில் இருந்திருக்கின்றன என்பது தெரியவந்தது. வேதியியலாளர் கிரீன், கால்நடை மருத்துவர் டு டாய்ட் ஆகியோருடன் சேர்ந்து 1924-இல் அவர் வெளியிட்ட ஆய்வு, கால்நடைத் தொழிலில் பாஸ்பரஸின் இடத்தை உறுதிசெய்தது. (அவருடைய மகன் மேக்ஸ் தைலர் மஞ்சள் காய்ச்சல் தொடர்பான கண்டுபிடிப்புகளுக்காக 1951-இல் நோபல் பரிசு பெற்றவர்.)

இன்றைக்கு இந்த நஞ்சுக்கு எதிரான தடுப்பூசி உண்டு. பாதிப்பு இருக்கும் வட்டாரங்களில் போடுகிறார்கள். ஆனாலும் இறந்த விலங்கை மேய்ச்சல் நிலத்தில் கிடக்க விடாமல் ஆழமாகப் புதைப்பது அல்லது எரிப்பதுதான் அடிப்படை. தூய்மை செய்யாத எலும்பை உடைத்துப் போட்டால் மாடு தின்னுமே என்று யோசிப்பது ஆபத்தான சிக்கனம்.

உப்பைத் தேடும் நாக்கு

எலும்பைக் கடிக்காமல் எல்லாவற்றையும் நக்கும் மாடு வேறு கதை சொல்கிறது. சுவர், மண், மரத்தூண், மனிதரின் வியர்த்த கை, மண்வெட்டிப் பிடி, மற்ற மாடுகளின் உடம்பு, தரையில் தேங்கிய சிறுநீர் ஆகியவற்றை நக்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சோடியம், அதாவது சாதாரண உப்பின் குறைவு.

அசைபோடும் விலங்கு உப்பை எச்சிலில் ஏராளமாகச் செலவிடுகிறது. பெரிய பசு ஒன்று நாளில் 100 லிட்டருக்கும் மேல் எச்சில் சுரக்கும். அதில் கரைந்துள்ள சோடியம் பைகார்பனேட் இரைப்பையின் புளிப்பைக் கட்டுக்குள் வைக்கிறது. சோடியம் குறையும்போது சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரினல் சுரப்பி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. உடனே சிறுநீரில் சோடியம் வெளியேறுவது நிற்கிறது. எச்சிலில் சோடியத்தின் இடத்தில் பொட்டாசியம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்த மாற்றத்தை அளந்து பார்க்கலாம்: எச்சிலில் சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் உள்ள விகிதம் வழக்கத்தைவிட வெகுவாகச் சரிந்திருந்தால் குறைபாடு உறுதி. இரைப்பையில் உள்ள சோடியமும் கைகொடுப்பதால் குறைபாடு வெளியே தெரிய வாரங்கள், சமயத்தில் மாதங்கள் ஆகும். கறவை மாடுகளில் சீக்கிரம் தெரியும், ஏனென்றால் பாலிலும் சோடியம் போகிறது. வெயிலில் வேலை செய்யும் காளைகளில் வியர்வையோடு போகிறது.

உப்பு கொடுத்தால் இப்படி நக்கும் பழக்கம் சில நாட்களில் அடங்கிவிடும். எல்லாத் தாதுக் குறைபாடுகளிலும் தீர்ப்பதற்கு மிக எளியது இதுதான். ஆகவே நக்கும் மாட்டைக் கண்டால் ஆயிரம் ஆய்வுக்கு முன்னால் உப்பைக் கொடுத்துப் பார்ப்பதில் தவறில்லை. ஒரே எச்சரிக்கை: பலநாள் உப்புக்கு ஏங்கிய மாட்டின் முன் குவியலாகக் கொட்டக் கூடாது. அளவின்றித் தின்றுவிடும், தண்ணீர் போதுமான அளவு இல்லாவிட்டால் உப்பே நஞ்சாகிவிடும். முதல் சில நாட்கள் கொஞ்சம் கொஞ்சமாக, பக்கத்தில் நல்ல தண்ணீரோடு கொடுக்க வேண்டும்.

மாட்டுக்குத் தெரியுமா?

"தனக்கு எது குறைகிறதோ அதை மாடு தானே தேடித் தின்னும்" என்ற நம்பிக்கை பரவலானது. இதை நம்பித்தான் பலர், தாதுக்களை வெவ்வேறு தொட்டிகளில் வைத்து மாட்டையே தேர்ந்தெடுக்க விடுகிறார்கள். அந்த நம்பிக்கையில் நான் பாதியைத்தான் ஏற்பேன். சோடியத்தைப் பொறுத்தவரை அது உண்மை. உப்புப் பசி பிறவியிலேயே உள்ளது, கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஆஸ்திரேலிய உடலியலாளர் டெரெக் டென்டனும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் இதை ஆராய்ந்து நிறுவினார்கள். பாஸ்பரஸ் குறைந்த மாடுகள் எலும்பைத் தேடுவதையும் அதே குழு ஆராய்ந்தது. அந்தத் தேடலில் எலும்பின் மணம் பெரும்பங்கு வகிக்கிறது என்று அவர்களுடைய சோதனைகள் காட்டின.

மற்ற தாதுக்களில் இந்த அறிவு கிடையாது. தாமிரம் குறைந்த மாடு தாமிரத்தைத் தேடிப் போவதில்லை. துத்தநாகம் குறைந்த மாடு துத்தநாகத்தை அடையாளம் காண்பதில்லை. பாஸ்பரஸுக்காகக் கொடுக்கப்படும் ருசியில்லாத டைகால்சியம் பாஸ்பேட் என்ற தூளைத் தனியாக வைத்தால் பாஸ்பரஸுக்கு ஏங்கும் மாடே முகர்ந்துவிட்டுப் போய்விடும். உப்பு கலந்தால் தின்னும். அதாவது தாதுக் கலவையை மாடு நக்குவது பெரும்பாலும் அதிலுள்ள உப்புக்காகத்தான். மற்றவை உப்போடு ஒட்டிக்கொண்டு உள்ளே போகின்றன. நிறைய நக்குகிறது, ஆகவே நிறையக் குறைகிறது என்று முடிவு கட்ட இதனால்தான் முடியாது.

மண் தின்பதையும் இப்படியே நிதானமாகப் பார்க்க வேண்டும். மேயும் எந்த மாடும் புல்லின் வேரோடும் தூசியோடும் நாளுக்குச் சில நூறு கிராம் மண்ணை விழுங்குகிறது. புல் குட்டையாக இருந்தால் இன்னும் அதிகம். அது நோயல்ல. புல்லை விட்டுவிட்டு மண்ணையே தேடிப் போவதுதான் கவனிக்கத்தக்கது.

நுண்தாதுக்களில் ஒன்றிரண்டு

கோபால்ட்டின் கதை சுவையானது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் செழித்த புல்வெளியில் மேய்ந்த ஆடுமாடுகள் பசியிழந்து, இரத்தம் குன்றி, எலும்பும் தோலுமாகிச் செத்தன. இரும்புக் குறைவு என்று நினைத்து இரும்புத் தாதுவான லைமோனைட்டைக் கொடுத்தார்கள். சில வகை லைமோனைட் குணமாக்கியது, சில வகை குணமாக்கவில்லை. 1935-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டார்கள்: வேலை செய்தது இரும்பல்ல, அதில் மாசாகக் கலந்திருந்த இம்மியளவு கோபால்ட். ஏன் கோபால்ட் என்பது 1948-இல் வைட்டமின் பி12 பிரித்தெடுக்கப்பட்டபோது விளங்கியது. அந்த வைட்டமினின் நடுவில் ஒரு கோபால்ட் அணு இருக்கிறது. இரைப்பை நுண்ணுயிர்கள் கோபால்ட்டைக் கொண்டு அதை உண்டாக்கி மாட்டுக்குத் தருகின்றன. கோபால்ட் குறைந்த மாடும் மண்ணையும் மரப்பட்டையையும் கடிக்கும்.

தாமிரத்தில் சிக்கல் வேறு மாதிரி. புல்லில் தாமிரம் போதுமான அளவு இருந்தும் மாட்டுக்குக் கிடைக்காமல் போகலாம். மாலிப்டினமும் கந்தகமும் இரைப்பையில் சேர்ந்து தாமிரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. கறுப்பு மாடு செம்பட்டையாவது, கண்ணைச் சுற்றி உரோமம் வெளுப்பது, ஓயாத கழிச்சல் ஆகியவை இதன் அடையாளங்கள். மாட்டுக்கான தாதுக் கலவையைச் செம்மறி ஆட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்: மாட்டுக்குப் போதுமான தாமிரம் செம்மறியைக் கொன்றுவிடும்.

தாது அல்லாத காரணங்கள்

குடற்புழு முதலில் நினைவுக்கு வர வேண்டும். இரத்தம் உறிஞ்சும் புழுக்களும் கல்லீரல் தட்டைப்புழுவும் இருக்கும் மாடு எவ்வளவு தாது உப்பு தின்றாலும் தேறாது. மண் தின்பதையும் விடாது. அடர்தீவனம் அதிகமாகி நார்த்தீவனம் குறைந்தால், அசைபோட எதுவும் இல்லாமல் மாடு கிடைத்ததைக் கடிக்கும். புரதம் குறைந்தாலும் அப்படியே. நாள் முழுவதும் கட்டியே கிடக்கும் மாடு சலிப்பில் கயிற்றைக் கடிக்கும். பால் மட்டுமே குடிக்கும் கன்றுகள் ஒன்றையொன்று நக்கி, உரோமத்தை விழுங்கி, வயிற்றில் முடி உருண்டை சேர்த்துக்கொள்ளும்.

இவை பொறுத்துப் பார்க்கக்கூடியவை. பொறுக்கக் கூடாதவை இரண்டு. நிறையக் கறக்கும் பசு கன்று ஈன்ற சில வாரங்களில் திடீரென்று சுவரையும் தன் உடம்பையும் வெறிபிடித்ததுபோல் நக்கினால் அது கீட்டோசிஸ் என்ற ஆற்றல் பற்றாக்குறை நோயாக இருக்கலாம். ஒரு மாடு மட்டும் ஓரிரு நாட்களில் நடத்தை மாறி, கண்டதையும் கடித்து, குரல் மாறிக் கத்தி, எச்சில் ஒழுக விழுங்க முடியாமல் நின்றால் வெறிநோயை நினைக்க வேண்டும். தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று வாய்க்குள் கையை விடுவது உயிருக்கே ஆபத்து. மாட்டைத் தனிமைப்படுத்திவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும்.

தாதுக் குறைவு இப்படி ஓரிரவில் ஒரே மாட்டைத் தாக்காது. அது மெல்ல வரும். ஒரே நிலத்தில் மேயும் பல மாடுகளில் வரும். கறவை, சினை, வளரும் கன்று ஆகிய மூன்றிலும் முதலில் வரும். பால் வற்றிய, சினையில்லாத மாடு கடைசியில்தான் காட்டும். மந்தையில் யார் கடிக்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போனால் அவருடைய வேலை பாதி முடிந்துவிடும்.

கண்டறிவதும் கொடுப்பதும்

இரத்தப் பரிசோதனை உதவும், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. இரத்தத்தில் கால்சியத்தின் அளவை உடல் கடுமையாகக் காத்துக்கொள்வதால், எலும்பு கரைந்துகொண்டிருக்கும்போதும் எண் சரியாகவே இருக்கும். பாஸ்பரஸ் அதைவிடச் சற்று உண்மை பேசும். 100 மில்லிலிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் சந்தேகிக்கலாம். புல்லையும் தீவனத்தையும் ஆய்வுக்கு அனுப்புவது, சாணத்தில் பாஸ்பரஸை அளப்பது, மண் பரிசோதனை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும். எல்லா ஆய்வுக்கும் மேலாக, கொடுத்துப் பார்த்து மாடு தேறுகிறதா என்று கவனிப்பதே பல இடங்களில் கடைசி ஆதாரம்.

பாஸ்பரஸுக்கு வழக்கமாகப் பயன்படுவது தீவனத் தரமுள்ள டைகால்சியம் பாஸ்பேட். அதில் ஏறத்தாழ 18 சதவீதம் பாஸ்பரஸ் இருக்கிறது. உரத்துக்கென்று விற்கும் பாஸ்பேட்டைக் கொடுக்கக் கூடாது. அதில் ஃபுளோரின் அதிகம். நாளடைவில் பல்லையும் எலும்பையும் கெடுத்துவிடும். எலும்புத்தூள் தைலரின் காலத்தில் அருமருந்து. 1986-இல் பிரிட்டனில் கண்டறியப்பட்ட பித்துப்பசு நோய், இறைச்சி எலும்புத்தூள் கலந்த தீவனத்தால் பரவியது தெரிந்த பிறகு, பல நாடுகளில் அசைபோடும் விலங்குகளுக்கு அத்தகைய தூள்களைக் கொடுக்கச் சட்டத் தடை உண்டு.

கலவையைத் தீவனத்தில் நாள்தோறும் அளந்து கலப்பதே மிக நம்பகமான வழி. மேய்ச்சல் மாட்டுக்கு அது இயலாதபோது, உப்பு கலந்த தாதுத் தூளைக் கூரையுள்ள தொட்டியில், தண்ணீர் குடிக்க வரும் இடத்துக்கு அருகில் வைக்கலாம். தொட்டி போதாவிட்டால் வலிய மாடுகள் மட்டும் நக்கும். ஒதுங்கி நிற்கும் கிடேரிகளுக்கு ஒன்றும் கிடைக்காது. கெட்டியான உப்புக்கட்டி வசதியானதுதான், ஆனால் அதை மாடு ஒரு நாளில் நக்கிக் கரைக்கும் அளவு சொற்பம். பாஸ்பரஸ் போன்ற கிராம் கணக்குத் தாதுக்களுக்கு அது பெரும்பாலும் போதாது. யூரியா சேர்ந்த கட்டி மழையில் நனைந்து, கரைந்த நீரை மாடு குடித்தால் சாவு நேரும்.

ஊசியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் மாடு வளர்ப்பவர்கள் அதைத்தான் அதிகம் நம்புகிறார்கள். டோல்டிம்ஃபாஸ், பியூட்டாஃபாஸ்ஃபான் போன்ற மருந்துகளில் உள்ள பாஸ்பரஸ், உடல் எலும்புக்குப் பயன்படுத்தும் பாஸ்பேட் வடிவில் இல்லை. நாள்தோறும் கிராம் கணக்கில் வேண்டியதைச் சில மில்லிலிட்டர் ஊசி நிரப்பவும் முடியாது. மருத்துவர் வேறு காரணத்துக்காக அவற்றைப் போடலாம். அதைப் போட்டுவிட்டோமே என்று தொட்டியைக் காலியாக வைக்கக் கூடாது.

கொடுக்கத் தொடங்கியதும் எலும்பு கடிப்பது மறுநாளே நிற்காது. கரைந்துபோன எலும்பு மீண்டும் நிரம்ப வேண்டும். வாரக்கணக்கில் ஆகும், நாள்பட்ட குறைவென்றால் மாதக்கணக்கிலும் ஆகும். அதுவரை மேய்ச்சல் நிலத்தில் எலும்பு, கம்பி, ஆணி, கயிறு, பிளாஸ்டிக், பழைய பேட்டரி, பெயிண்ட் டப்பா எதுவும் கிடக்கக் கூடாது. பேட்டரியின் ஈயத்தை மாடு விரும்பி நக்கும். கண் தெரியாமல் போய், பல்லை நறநறவென்று கடித்து, வலிப்பு வந்து இறக்கும். விழுங்கிய ஆணி இரண்டாம் இரைப்பையில் தங்கும். அதற்கும் இதயத்துக்கும் நடுவே மெல்லிய உதரவிதானம் மட்டுமே இருக்கிறது. மந்தையில் மற்றவை தேறிவிட்ட பிறகும் ஒரு மாடு மட்டும் முதுகை வளைத்து, முழங்கைகளை அகற்றி நின்று, இறக்கத்தில் நடக்கத் தயங்கினால் அது தாதுக் குறைவின் மிச்சம் அல்ல. குறைபாடு இருந்த காலத்தில் எதையோ விழுங்கிவிட்டது. தொட்டியில் இன்னும் உப்பைக் கொட்டாமல் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.